மலையிலிருந்து குளிர்கடலுக்கு: முக்குளித்துப் படம்பிடிக்கக் கிளம்பும் கொடைக்கானல்காரர்களுக்கு

எனக்குக் குளிர் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பிறந்து வளர்ந்தது கொடைக்கானல். மார்கழியில் ஏரிக்கரைப் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கும்போது பால் வாங்கப் போய் வந்தவன். அதனால் தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ் டவுனில், "தண்ணீர் 14 டிகிரி, உள்ளே இன்னொரு அங்கி போட்டுக்கொள்ளுங்கள்" என்று படகோட்டி சொன்னபோது சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றேன். 25ஆவது நிமிடத்தில் கேமராப் பொத்தானை என் விரல் அழுத்துகிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. கரையேறிப் பார்த்தால் 11 நிமிடப் படம் தேறியிருந்தது. அதில் 9 நிமிடம் என் கையுறை.

மலைக்காரர்களுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கும் ஸ்கூபா முக்குளிப்பில் நமக்கு ஏற்கெனவே பழகிய சங்கதிகள் சில உண்டு. நம் பழக்கமே நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. உயிருக்கே ஆபத்தான இடமும் ஒன்று உண்டு, அது கடலில் இல்லை, நம் மலைப்பாதையில் இருக்கிறது. மூன்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

குளிர்கடல் என்று நான் சொல்வது மிதவெப்ப மண்டலக் கடல்களை: கேப் டவுன் சுற்றுப்புறம், ஆஸ்திரேலியாவின் தென்கரை, டாஸ்மேனியா, நியூசிலாந்து, பிரிட்டன், கலிபோர்னியா. தண்ணீர் 8 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குள் இருக்கும். நம் வங்காள விரிகுடா ஆண்டில் பெரும்பாலும் 26 டிகிரிக்கு மேல்தான். வெதுவெதுப்பான கடலை விட்டுவிட்டு ஏன் நடுங்கப் போக வேண்டும்? ஆழத்திலிருந்து மேலெழும்பி வரும் குளிர்நீர் உரச்சத்தோடு வருகிறது. அந்தச் சத்தில் கெல்ப் என்னும் பெரும்பாசி காடாக வளர்கிறது. கேப் டவுன் பக்கத்தில் வளரும் ஒரு வகைக்குக் கடல் மூங்கில் என்றே பெயர். அடியில் பாறையைப் பிடித்துக்கொண்டு, உள்ளீடற்ற தண்டோடு, காற்றடைத்த குமிழைத் தலையில் வைத்துக்கொண்டு நீர்மட்டம் வரை நிற்கும். அதற்குள் முதன்முறை நுழைந்தபோது மதிகெட்டான் சோலையின் இருட்டும் ஈரமும்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. மேலே வெளிச்சம் ஆடுகிறது, கீழே எதுவும் அசையாததுபோல் இருக்கிறது, ஆனால் ஆயிரம் கண்கள் உங்களைப் பார்க்கின்றன. நம் பிள்ளைகள் பலர் இப்போது படிப்புக்கும் வேலைக்கும் அந்த ஊர்களுக்கெல்லாம் போகிறார்கள். போன இடத்தில் கடல் இருந்தால் எட்டிப் பார்க்காமல் வரக் கூடாது.

காது: நமக்குத் தெரிந்த பாடம்

வத்தலக்குண்டு இறங்கும் பஸ்ஸில் காது அடைத்துக்கொள்வதும், எச்சிலை விழுங்கினால் 'பட்' என்று திறப்பதும் நமக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். கடலில் இறங்கும்போது நடப்பதும் அதேதான். கீழே போகப் போக வெளி அழுத்தம் கூடுகிறது, காதுக்குள் இருக்கும் காற்று அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். வேகம்தான் வேறு. கொடைக்கானல் ஏறத்தாழ 2,130 மீட்டர் உயரம். அங்கிருந்து மலையடிவாரம் வரை இரண்டு மணி நேரம் வளைந்து வளைந்து இறங்கும்போது கூடும் அழுத்தம், கடலில் வெறும் 2 மீட்டர் ஆழத்தில் வந்துவிடும். அதாவது சில நொடிகளில்.

ஆகவே வலி வந்த பிறகு காதைத் திறக்க முயலாதீர்கள். முதல் மீட்டரிலேயே தொடங்கி, ஒவ்வோர் அரை மீட்டருக்கும் ஒருமுறை மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். திறக்கவில்லையென்றால் ஒரு மீட்டர் மேலே ஏறி மீண்டும் முயலுங்கள். அடித்து ஊதினால் செவிப்பறை கிழியும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு முக்குளிப்பு கிடையாது. மழைக்காலத்தில் மூக்கு ஒழுகாத கொடைக்கானல்காரர் யார் என்று கேட்பீர்கள். அதனால்தான் பயிற்சிக்குக் கோடைக்காலத்தைத் தேர்ந்தெடுங்கள் என்கிறேன்.

பயிற்சி சூடான நீரில், கேமரா இல்லாமல்

குளிர்கடலில் போய் முக்குளிக்கக் கற்றுக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் கற்கிறார்கள். ஆனால் தடித்த உடையும் மூழ்குவதற்காகக் கட்டும் கூடுதல் ஈய எடையும் குளிரும் ஒரே நேரத்தில் தாக்கினால், கற்க வேண்டியது பாதி மண்டையில் ஏறாது. புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஓப்பன் வாட்டர் எனப்படும் தொடக்கநிலைப் பயிற்சியை முடித்துவிட்டுப் போவது நல்லது. மூன்று நான்கு நாள் ஆகும். நேரக் கணக்கில்லாமல் 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நீச்சல் தெரியாதென்றால் முதல் படி அதுதான். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ ஒரு நீச்சல்குளத்தில் சேர்ந்துவிடுங்கள். மருத்துவப் படிவம் ஒன்றும் தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதி, மருத்துவரின் கையெழுத்தோடு போங்கள். பயிற்சி முடித்தவருக்கு 18 மீட்டர் ஆழம் வரை அனுமதி. குளிர்கடலின் நல்ல காட்சிகளில் பெரும்பகுதி 12 மீட்டருக்குள்ளேயே கிடைக்கிறது என்பதால் இது தாராளம்.

கேமராவை எப்போது எடுத்துப்போகலாம்? என் கணக்கு 25 முக்குளிப்புகள். பயிற்சியாளர்கள் சிலர் இதைவிடக் குறைவாகச் சொல்வார்கள். எண்ணிக்கையைவிட நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. 5 மீட்டர் ஆழத்தில், ஒரு பாறைக்கு ஒரு முழ தூரத்தில், கையையும் காலையும் அசைக்காமல் பத்து மூச்சு நில்லுங்கள். மூச்சை இழுத்தால் ஒரு சாண் உயர்வீர்கள், விட்டால் ஒரு சாண் தாழ்வீர்கள். அதற்கு மேல் அலைந்தால் கேமரா இன்னும் உங்களுக்கில்லை. மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் கையில் கேமரா கொடுத்தால், அவருடைய துடுப்புக்கால் அடியில் என்னென்ன நசுங்கும் என்பதை அவர் கடைசிவரை அறியமாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடியோ எடுப்பவர்களுக்குத் தரையில் ஒரு பழக்கம் உண்டு: கை ஆடாமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொள்வது. தண்ணீருக்கடியில் இதைச் செய்யவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அங்கே நிறைத்த நுரையீரலோடு மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் உள்ளிருக்கும் காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிய அவ்வளவுகூட வேண்டாம், ஓரிரு மீட்டர் ஏறினாலே போதும். நல்ல காட்சி கண்ணெதிரே இருக்கும்போது இது மறந்துபோகும். ஆகவே படம் பிடிக்கும்போது குமிழ்ச் சத்தம் தொடர்ந்து கேட்கிறதா என்று காதால் கண்காணியுங்கள். படத்தில் அந்தச் சத்தம் பதிவாகும். ஆகட்டும்.

குளிர்: நம்மை ஏமாற்றும் பாடம்

கொடைக்கானலில் 5 டிகிரியில் ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுக்கொண்டு சமாளிக்கிறோம் என்றால், நம்மைச் சுற்றி இருப்பது காற்று என்பதால்தான். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடலின் சூட்டைக் கடத்திவிடும். 14 டிகிரிக் காற்றில் நாம் சட்டையோடு தேநீர்க்கடையில் அரட்டை அடிப்போம். 14 டிகிரித் தண்ணீரில் வெறும் உடம்போடு இறங்கினால் மூச்சே திணறும். குளிர் பழகிவிட்டது என்பது மனத்தின் பழக்கம், தோலுக்கு அது தெரியாது.

வெட்சூட் என்னும் ரப்பர் நுரை உடை, உள்ளே புகும் மெல்லிய நீர்ப்படலத்தை உங்கள் உடல் சூட்டாலேயே சூடாக்கி வைத்துக்கொள்கிறது. ஆகவே இறுக்கமாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வோர் அசைவுக்கும் புதுத் தண்ணீர் உள்ளே வரும். 18 டிகிரிக்கு மேல் 5 மில்லிமீட்டர் தடிமன் போதும். 10 முதல் 18 வரை 7 மில்லிமீட்டர், கூடவே தலைமூடி, கையுறை, காலுறை. 10க்குக் கீழே தண்ணீர் புகாத டிரைசூட் வேண்டும், அதற்குத் தனிப் பயிற்சியும் வேண்டும். அவ்வளவு குளிரில் உருளைக் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் சாதாரண ரெகுலேட்டர் உறைந்து காற்றைக் கொட்டத் தொடங்கலாம் என்பதால், குளிர்நீருக்கென்று செய்ததைக் கேட்டு வாங்குங்கள். தலைமூடியைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். நெற்றியில் குளிர்நீர் படும்போது ஐஸை வேகமாகத் தின்றதுபோல் வலிக்கும்.

தடித்த உடை மிதக்கும். அதை அமுக்கக் கூடுதல் ஈயம் கட்ட வேண்டும். கீழே போனதும் நுரை நசுங்கி மெலிந்துவிடும். அப்போது மிதப்பும் குறையும், கதகதப்பும் குறையும். புதுச்சேரியில் சரியாக இருந்த உங்கள் எடைக் கணக்கு இங்கே உதவாது. முதல் முக்குளிப்பைக் கணக்கு சரிபார்க்க மட்டுமே ஒதுக்கிவிடுங்கள்.

உடல் நடுங்கத் தொடங்கினால் முக்குளிப்பு முடிந்தது. இன்னும் ஒரே ஒரு காட்சி என்று இழுக்கக் கூடாது. குளிர்ந்த உடம்பு காற்றை வேகமாகச் செலவழிக்கும், குளிர்ந்த மூளை தப்பாகக் கணக்குப் போடும். பிளாஸ்கில் சுக்குக் காபி கொண்டுபோங்கள். படகில் இருந்த எல்லாரும் என் பிளாஸ்கைத்தான் பார்த்தார்கள்.

கையுறையோடு கேமராவை இயக்கப் பழக கடல் தேவையில்லை. வீட்டில், கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கேமராவைத் தொடக்கவும் நிறுத்தவும் பாருங்கள். ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

கேமராப் பெட்டியும் மலையின் ஈரமும்

தொடக்கத்துக்குச் சின்ன ஆக்‌ஷன் கேமரா போதும். கேமராவே நீர்புகாதது என்று அட்டையில் போட்டிருந்தாலும், ஆழத்துக்கு ஏற்ற வெளிப்பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். பெட்டியின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். உங்கள் மொத்த முதலீடும் அந்த வளையத்தை நம்பித்தான் இருக்கிறது. அதில் ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் தண்ணீர் நுழையும். ஒவ்வொரு முறையும் வளையத்தைக் கழற்றி, விரல்நுனியால் தடவிப் பார்த்து, அதற்கென்று தரும் பசையைப் பளபளப்பு வரும் அளவுக்கு மட்டும் பூசுங்கள். முதல் தடவை கேமராவை உள்ளே வைக்காதீர்கள். டிஷ்யூ தாள் ஒன்றை மடித்து வைத்துப் பெட்டியை மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் கல்லைக் கட்டி அமுக்கி வையுங்கள். தாள் நனையவில்லையென்றால் கேமராவை வைக்கலாம்.

அடுத்தது நமக்கே உரிய தொல்லை. கொடைக்கானலில் மழைக்காலத்தில் பீரோவுக்குள் இருக்கும் லென்ஸில்கூடப் பூஞ்சை பிடிக்கும். அந்த ஈரக் காற்றை உள்ளே அடைத்துப் பெட்டியை மூடிக் குளிர்நீரில் இறக்கினால், கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்துவிடும். பத்தாவது நிமிடம் முதல் எல்லாமே ஆவி அடித்த ஜன்னல் வழியாகப் பார்த்ததுபோல் இருக்கும். பெட்டியைக் குளிரூட்டிய உலர்ந்த அறையில் மூடுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வையுங்கள். செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த பழைய பொட்டலம் ஏற்கெனவே மலையின் ஈரத்தை எல்லாம் குடித்து வயிறு நிறைந்திருக்கும், அது உதவாது. புதிதாக வாங்கி, இறுக மூடிய டப்பாவில் வைத்திருங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பேட்டரியைப் படகில் விட்டுவைக்காமல் சட்டையின் உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மூடுபனியில் விளக்கு

குளிர்கடல் உயிரில் செழித்தது என்றால், தண்ணீர் கலங்கியது என்றும் பொருள். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் வசந்த காலத்தில் பெருகிப் பச்சைக் குழம்பாக்கிவிடும். 5 மீட்டருக்கு அப்பால் தெரிந்தாலே நல்ல நாள் என்று மகிழ்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள். நீங்கள் போகும் இடத்தில் எந்த மாதம் தெளிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். சைமன்ஸ் டவுன் இருக்கும் ஃபால்ஸ் விரிகுடாவில் குளிர்காலம்தான் தெளிவு. நினைவிருக்கட்டும், அங்கே குளிர்காலம் என்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை.

கலங்கிய நீரில் கேமராவுக்கு மேலேயே விளக்கைப் பொருத்தி எரியவிட்டால் என்ன ஆகும் என்று மலைப்பாதை ஓட்டுநர் யாரைக் கேட்டாலும் சொல்வார். பெருமாள்மலை வளைவில் மூடுபனி இறங்கியிருக்கும்போது ஹை-பீம் போட்டுப் பாருங்கள். எதிரே வெள்ளைச் சுவர் எழும்பும். பனித்துளிகள் வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. அதனால்தான் பனிவிளக்கை பம்பருக்குக் கீழே, கண்ணிலிருந்து தள்ளிப் பொருத்துகிறார்கள். கடலிலும் அதே உத்திதான். விளக்கைக் கேமராவிலிருந்து கைநீளம் தள்ளிப் பக்கவாட்டில் வைத்து, முகத்தைச் சற்றே வெளிப்புறம் திருப்புங்கள். ஒளிக்கற்றையின் நடுப்பகுதி வேண்டாம், அதன் விளிம்பு மட்டும் பிராணியின் மேல் விழட்டும். நடுவிலிருக்கும் தூசு இருட்டிலேயே கிடக்கும். இதைக் கடலில் போய்ப் பழக வேண்டியதில்லை. பனி இறங்கிய மாலையில் வீட்டு வாசலில், கையில் டார்ச்சும் மற்றொரு கையில் செல்பேசியும் வைத்துக்கொண்டு ஒரு ரோஜாச் செடியைப் படம் பிடியுங்கள். டார்ச்சை நெருக்கியும் விலக்கியும் பாருங்கள். அரை மணி நேரத்தில் கை கற்றுக்கொள்ளும்.

நிறம் இன்னொரு சிக்கல். சிவப்பு நிறத்தைத் தண்ணீர் முதல் 5, 6 மீட்டரிலேயே உறிஞ்சிவிடும். கீழே செக்கச்செவேலென்று இருக்கும் நட்சத்திர மீன் படத்தில் கரும்பழுப்பாகத் தெரியும். நீலத் தண்ணீரில் சிவப்பு வடிகட்டி போடுவார்கள். குளிர்கடலின் பச்சைத் தண்ணீருக்கு இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மெஜந்தா வடிகட்டிதான் பொருந்தும். விளக்குப் போட்டால் வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் எல்லாம் ரத்தச் சிவப்பாகும். கேமராவின் மற்ற அமைப்புகளைத் தானியங்கியில் விட்டுவிடுங்கள், முதல் ஆண்டுக்கு அதுவே போதும்.

கண்ணாடி முகமூடி வழியாகப் பார்க்கும்போது எல்லாம் இருப்பதைவிடப் பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தோன்றும். நெருங்கிவிட்டோம் என்று நினைத்து எடுப்பீர்கள், படத்தில் எங்கோ இருக்கும். ஆகவே இன்னும் நெருங்குங்கள். ஆனால் எப்படி நெருங்குவது என்பதுதான் இந்தக் கலையே.

வெட்கச் சுறா

அன்று 8 மீட்டர் ஆழத்தில், கடல் மூங்கில்களின் அடியில் ஒரு மணல் திட்டு. அதில் என் முழங்கை நீளத்துக்கு ஒரு சுறா படுத்திருந்தது. பழுப்பு உடம்பில் ஆரஞ்சுப் பட்டைகள், பட்டைகளின் ஓரத்தில் கறுப்புக் கோடு, உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளிகள். தென்னாப்பிரிக்கக் கரையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடைக்காத இனம். அந்த ஊரில் வெட்கச் சுறா என்பார்கள். நான் என்ன செய்தேன்? விளக்கை முழு வெளிச்சத்துக்கு ஏற்றிக்கொண்டு நேராக அதன் முகத்தை நோக்கி நீந்தினேன். அது ஓடவில்லை. வாலைக் கொண்டுவந்து கண்களை மூடி, வளையமாகச் சுருண்டு, மணலில் ஒரு முறுக்குபோல் கிடந்தது. தொட்டாற்சிணுங்கிக்குக் கடலில் ஒரு தங்கை. நான் போகும்வரை அது அவிழவேயில்லை. என்னிடம் இருப்பது மூன்று நிமிட முறுக்குப் படம்.

அதற்கடுத்த நாள் அதே திட்டுக்குப் போய், கேமராவைத் தொடாமல் ஐந்து நிமிடம் பக்கத்துப் பாறையோடு பாறையாகக் கிடந்தேன். விளக்கை மணலுக்குத் திருப்பி, மிகக் குறைந்த வெளிச்சத்தில் வைத்திருந்தேன். சுறா வந்தது. மூக்கால் மணலைத் துழாவியது. ஒரு நண்டை மண்ணிலிருந்து உருவித் தலையை இரண்டு முறை உதறி விழுங்கியது. அதன் செவுள்கள் துடிப்பதை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கேமராவை உயர்த்தினேன். மொத்தம் 40 நொடிகள். இதுவரை நான் எடுத்ததில் உருப்படியானது அதுதான்.

இதையே முறையாகச் சொன்னால்: ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருங்கள். முதல் ஐந்து நிமிடம் கண்ணுக்கு மட்டும். பிராணியின் முகத்துக்கு நேராகப் போகாமல், பக்கவாட்டில், அதன் மட்டத்துக்கோ சற்றுக் கீழாகவோ அணுகுங்கள். மேலிருந்து இறங்குவது எதுவாக இருந்தாலும் அதன் கணக்கில் எதிரிதான். கேமராவை அசைக்காமல் ஒவ்வொரு காட்சியையும் குறைந்தது 15 நொடி பிடியுங்கள். முதலில் இடம் தெரியும்படி தூரக் காட்சி ஒன்று, பிறகு முழு உடம்பு, பிறகு கண். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் காற்றழுத்த மானியைப் பாருங்கள், கூட முக்குளிக்கும் துணைவரைப் பாருங்கள். கேமரா வைத்திருப்பவரின் துணைவராக இருப்பது நன்றி கெட்ட வேலை. அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

எங்கே தேடுவது? பாறை இடுக்கின் வாசலில் புதிதாகக் காலியான சிப்பிகளும் நண்டு ஓடுகளும் குவிந்திருந்தால் உள்ளே ஆக்டோபஸ் எனப்படும் பேய்க்கணவாய் குடியிருக்கிறது. சாப்பிட்ட மிச்சத்தை வாசலில் கொட்டும் பழக்கம் அதற்கு. கடற்பஞ்சு படர்ந்த பாறைச் சுவரில் ஓடில்லாத கடல்நத்தைகளைத் தேடுங்கள். கேஸ் அடுப்பின் சுடர்போல் நீலநுனி வைத்தவைகூட உண்டு. ஆஸ்திரேலியாவின் வயல்லா நகர்ப் பக்கம் மே முதல் ஆகஸ்ட் வரை ராட்சதக் கணவாய்கள் ஆயிரக்கணக்கில் இணை சேரக் கூடும். ஆண்கள் உடம்பில் வரிகளை ஓடவிட்டு ஒன்றையொன்று மிரட்டுவதை மிகக் குறைந்த ஆழத்திலேயே பார்க்கலாம். பார்த்ததை அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள்: ஆழம், நீரின் சூடு, நேரம், என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாவிட்டால் நீங்களே ஒரு பெயர் வையுங்கள், பிறகு திருத்திக்கொள்ளலாம்.

கெல்ப் காட்டில் அலை உங்களை முன்னும் பின்னும் தாலாட்டும். எதிர்த்து நீந்தாதீர்கள். மீன்கள் எல்லாம் ஆடுகின்றன, நீங்களும் கூட ஆடினால் படத்தில் அவை நிலையாக நிற்கும். காற்றுக் குழாயோ துடுப்போ பாசியில் மாட்டிக்கொண்டால், உண்ணிச்செடிப் புதரில் சட்டை மாட்டினால் செய்வதையே செய்யுங்கள். இழுக்காமல், வந்த வழியே ஓரடி பின்வாங்கினால் தானே கழன்றுகொள்ளும்.

ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல், 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, உருளையில் குறைந்தது 50 பார் (மானி காட்டும் அழுத்த அளவு) காற்று மிச்சத்தோடு மேலே வாருங்கள்.

ஊர் திரும்பும் பாதை

கொடைக்கானல் கடைகளில் தொங்கும் சிப்ஸ் பொட்டலங்கள் வெடித்துவிடுவதுபோல் புடைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கீழே அடைத்த காற்று, மேலே அழுத்தம் குறைந்ததால் விரிந்து நிற்கிறது. நம் ஊரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். முக்குளித்தவர் உடம்பிலும் ஒன்று அடைபட்டிருக்கிறது. ஆழத்தில் சுவாசித்த காற்றிலிருந்து ரத்தத்திலும் தசையிலும் கரைந்துபோன நைட்ரஜன். அது மெல்ல மெல்ல மூச்சு வழியே வெளியேற வேண்டும். வெளியேறும் முன் அழுத்தம் சட்டென்று குறைந்தால் உள்ளேயே குமிழாகும். மூட்டுவலி, தோலில் தடிப்பு, மரமரப்பு, காரணமற்ற அசதி, மோசமானால் பக்கவாதம்கூட. முக்குளிப்பவர்கள் இதை பெண்ட்ஸ் என்பார்கள்.

எல்லாப் பயிற்சி மையங்களும் "முக்குளித்த பிறகு விமானம் ஏறாதீர்கள்" என்று சொல்லும். "கொடைக்கானலுக்குக் கார் ஏறாதீர்கள்" என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. விமானத்தின் உள்ளழுத்தமும் நம் ஊரின் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்று. முக்குளிப்போர் பாதுகாப்பு அமைப்பான டேன் 2,000 முதல் 8,000 அடி வரையிலான உயர அழுத்தத்துக்குத் தரும் பரிந்துரை இது: ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல முறையோ அடுத்தடுத்த நாள்களிலோ முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நம் ஊர் 7,000 அடி. ஊட்டிக்காரர்கள் இன்னும் மேலே இருக்கிறார்கள்.

ராமேசுவரத்தில் மதியம் முடித்துவிட்டு, மதுரையில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டு, பத்து மணிக்கு வீடு சேர்ந்துவிடலாம் என்று ஒருமுறை நான் கிளம்பினேன். மலைப்பாதையில் ஊத்து என்ற ஊரைத் தாண்டியபோது இடது முழங்கையில் குடைச்சல். கியர் போட்டதால் வந்தது என்று நினைத்தேன். அடுத்த சில வளைவுகளில் தோள் வரை ஏறியது. அப்போதுதான் உறைத்தது. காரைத் திருப்பி வத்தலக்குண்டு வந்தபோது வலி பாதியாகியிருந்தது. வலி குறைந்துவிட்டதே என்று விட்டுவிடாமல் மதுரை போய் மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும்: உடனே இறங்குங்கள், ஆக்சிஜன் கேளுங்கள், முக்குளித்துவிட்டு வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இல்லையென்றால் தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கேப் டவுனிலும் இதே பொறி உண்டு. காலையில் முக்குளித்துவிட்டு மாலையில் டேபிள் மலைக்குக் கம்பிவண்டி ஏறலாம் என்று திட்டம் போடுவார்கள். அதுவும் 1,000 மீட்டருக்கு மேல். மலையை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

இப்போதெல்லாம் நான் மதுரையில் ஓர் இரவு தங்குகிறேன். அறைக்கு வந்ததும் கேமராப் பெட்டியை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பு கரையும்வரை பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்பேன். படங்களை இரண்டு இடத்தில் சேமித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். கையுறைப் படங்களை அழிப்பேன். அடுத்த நாள் மதியத்துக்கு மேல்தான் ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ்.